லைட்டின் மேல் விழும் பழி

ஸ்டுடியோவில் ஃபிளாஷ் அடிக்கவில்லை என்றால் பழி முதலில் லைட்டின் மேல்தான் விழும். ‘ட்யூப் போயிருக்கும்’, ‘ஃபியூஸைப் பாரு’, ‘கெப்பாசிட்டர் வீக் ஆயிடுச்சு’ என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். லைட் நிரபராதி என்று தெரிந்ததும், கேமராவின் சைகையை லைட்டுக்குக் கொண்டுபோகும் ட்ரிக்கர் மாட்டும். அடுத்து ட்ரிக்கருக்குள் இருக்கும் பேட்டரி, அப்புறம் அந்த பேட்டரியை விற்ற கடைக்காரர். கேமராவைச் சந்தேகிக்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை. இருப்பதிலேயே விலை கூடியது அதுதான், புதியதும் அதுதான். திரையில் எல்லா எண்களும் பளிச்சென்று தெரிகின்றன. அதுவா தப்பு செய்யும்?

அதுதான் செய்யும் என்பது என் கட்சி. தப்பு என்றுகூடச் சொல்ல வேண்டாம், முடிவு என்று சொல்கிறேன். இன்றைய டிஜிட்டல் கேமரா, ஃபிளாஷை அடிக்க வைப்பதா வேண்டாமா என்று தனக்குள் ஒரு முடிவு எடுக்கிறது. எடுத்த முடிவை நம்மிடம் சொல்வதில்லை. மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ அண்ணனோடு இதைப் பற்றிப் பலமுறை வாதாடிவிட்டேன். ‘மெஷின் என்னப்பா முடிவெடுக்கும், நாம வெச்சபடிதானே ஓடும்’ என்பது அவர் கட்சி. போன மார்கழியில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகும் அவர் அதையேதான் சொல்கிறார். அந்தச் சம்பவத்தை வைத்துத்தான் நான் இதையெல்லாம் சொல்கிறேன் என்பதுதான் வேடிக்கை.

ஃபிளாஷை அடிக்க வைப்பதற்கு உண்மையில் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. கேமரா தலையில் ஃபிளாஷைச் சொருகும் இடமான ஹாட் ஷூவின் நடுவில் வட்டமாக ஒரு உலோகப் புள்ளி இருக்கும். ஷூவின் ஓரத் தண்டவாளம் எர்த். ஷட்டர் முழுதாகத் திறந்த நொடியில் கேமரா இந்த இரண்டையும் இணைக்கிறது. அவ்வளவுதான், ஒரு சுவிட்ச். அந்த இணைப்பு ஒயர் வழியாகப் போனால் சிங்க் கார்டு, ரேடியோ வழியாகப் போனால் ட்ரிக்கர். இந்த ஷூவின் அளவுகள் ஐஎஸ்ஓ 518 என்ற உலகத் தரத்தில் எழுதப்பட்டிருப்பதால், ஒரு கம்பெனியின் கேமராவில் இன்னொரு கம்பெனியின் ட்ரிக்கரைச் சொருகினாலும் அடிப்படை வேலை நடந்துவிடும்.

யாஷிகா மாதிரியான இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமராக்களில் இந்த இணைப்பு ஷட்டருக்குள்ளேயே, இயந்திர அசைவோடு நடந்தது. தகடு தகட்டைத் தொடும், லைட் அடிக்கும். அந்தக் காலத்திலும் கண்ணி இல்லாமல் இல்லை. பல கேமராக்களில் எம், எக்ஸ் என்று இரண்டு நிலைகளோடு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். எம் என்பது பழைய ஃபிளாஷ் பல்புக்கு, எக்ஸ் எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு. பல்பு பற்றிக்கொண்டு உச்ச வெளிச்சத்தை எட்டவே ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும் என்பதால், ஷட்டர் திறப்பதற்கு முன்பே அதற்குச் சைகை போய்விடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷை மாட்டிவிட்டு நெம்புகோலை எம்மில் வைத்தால் லைட் அடித்து ஓய்ந்த பிறகு ஷட்டர் திறக்கும், ரோல் முழுக்கக் கறுப்பு. ஆனால் அந்த நெம்புகோல் வெளியே இருந்தது. எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். இன்று அதே மாதிரி நெம்புகோல்கள் மெனுவுக்குள் எங்கெங்கோ கிடக்கின்றன.

ஊக்கு சொன்ன சாட்சி

அண்ணனின் மகன் மார்கழி முழுக்கச் சபாக்களில் கச்சேரிப் படம் எடுப்பவன். ராக ஆலாபனை நடக்கும்போது முன்வரிசையில் ‘டக் டக்’ என்று ஷட்டர் சத்தம் கேட்டால் ரசிகர்கள் திரும்பி முறைப்பார்கள், பாடகரும் முறைப்பார். அதற்காகவே சத்தமில்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கியிருந்தான். காலையில் அதே கேமரா ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம், குடும்பப் படம் எடுக்கும்.

அன்று அரங்கேற்றப் பெண் ஒருத்திக்கு அழைப்பிதழ்ப் படம். விடியற்காலையிலேயே எழுந்து ஒப்பனை போட்டு, நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் வைத்து, பட்டு விசிறி மடிப்பு கலையாமல் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். கூட அம்மா, பாட்டி. அரைமண்டியில் உட்காரச் சொல்லி முதல் படம் எடுத்தான். சாஃப்ட்பாக்ஸ் என்ற துணிப்பெட்டி மாட்டிய லைட் இரண்டும் கம்மென்று இருந்தன. இன்னொன்று எடுத்தான், அதுவும் இருட்டு. அரைமண்டியில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? அந்தப் பெண் எழுந்து நின்று காலை உதறிக்கொண்டாள். நான் வேறு வேலையாக அங்கே போனவன், மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்று தெரிந்தால் நம் ஊரில் மிக்ஸி முதல் மானிட்டர் வரை நம் தலையில்தான் விழும்.

அண்ணன் வழக்கம்போல லைட்டுக்குப் போனார். லைட்டின் பின்புறம் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினார், ‘பொப்’ என்று அடித்தது. ட்ரிக்கரில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினோம், இரண்டு லைட்டும் அடித்தன. அதாவது ட்ரிக்கரின் பேட்டரி, சேனல், லைட்டில் சைகையை வாங்கும் ரிசீவர், லைட் எல்லாமே சுத்தம். இந்த இடத்திலேயே பாதி வீட்டைத் தேடி முடித்த மாதிரி. ஆனால் அந்த டெஸ்ட் பட்டன், ட்ரிக்கரின் காலடியில் இருக்கும் உலோகப் புள்ளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புள்ளியில் களிம்பு ஏறியிருந்தாலோ உள்ளே ஒயர் விட்டிருந்தாலோ டெஸ்ட் பட்டனுக்கு அடிக்கும், கேமராவுக்கு அடிக்காது.

அதைப் பார்க்க ஒரு உலோகத் துண்டு வேண்டும். நாட்டிய உடையில் ஊக்குக்கா பஞ்சம்? அந்த அம்மா கைப்பையிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ட்ரிக்கரைக் கேமராவிலிருந்து கழற்றி, தலைகீழாகத் திருப்பி, ஊக்கை விரித்து அதன் ஒரு முனையை நடுப்புள்ளியிலும், வளைந்த பக்கத்தை ஓரத் தகட்டிலும் வைத்தேன். பொப். எடுத்து மறுபடி வைத்தேன். பொப். ஹாட் ஷூ செய்ய வேண்டிய வேலை மொத்தத்தையும் ஊக்கு செய்துவிட்டது. (ரேடியோ ட்ரிக்கரில் இருப்பது சில வோல்ட்தான் என்பதால் இந்தத் துணிச்சல். பழைய லைட்டிலிருந்து நேராக வரும் சிங்க் கார்டில் இதைச் செய்யாதீர்கள். காரணம் பிறகு.)

ஆக, மிச்சம் கேமரா மட்டும்தான். மகன் முகம் சுருங்கிவிட்டது. ‘புது கேமரா, ஷூ போச்சுன்னா சர்வீஸ் சென்டர்ல வாரக்கணக்கா வெச்சுப்பாங்களே.’ அண்ணன் பென்சில் ரப்பரால் ஷூவைத் தேய்த்துப் பார்த்தார். சொருகி எடுத்தோம், அடிக்கவில்லை. ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டிதான் அப்போது கேட்டார்: ‘ஏம்ப்பா, நீ எடுக்கறியா இல்லையா? சத்தமே காணோமே?’

மகன் சட்டென்று நிமிர்ந்தான். முந்தைய நாள் இரவுக் கச்சேரிக்காக வைத்த சைலன்ட் ஷட்டர் அப்படியே இருந்தது. ஒரு வாரமாகச் சத்தமில்லாமலே எடுத்துப் பழகிய காதுக்கு, சத்தம் இல்லை என்பது தெரியவில்லை. மெனுவுக்குள் போய் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினான். ‘டக்’ என்ற சத்தமும் ‘பொப்’ என்ற சத்தமும் ஒன்றாக வந்தன. பாட்டி, ‘இப்ப சரி’ என்றார்.

மறுப்பதில் நியாயம் இருக்கிறது

சைலன்ட் ஷட்டரில் ஃபிளாஷை அடிக்க விடாததற்குக் காரணம் இருக்கிறது. சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர், அதில் திரை எதுவும் அசைவதில்லை. சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக வாசிக்கப்படுகிறது. சாதாரண சென்சாரில் முதல் வரிசையை வாசிக்கத் தொடங்கிக் கடைசி வரிசையை முடிக்க, நொடியில் பதினைந்தில் ஒரு பங்கோ, முப்பதில் ஒரு பங்கோ ஆகலாம். ஃபிளாஷோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் அடித்து முடிந்துவிடும். வழக்கமான 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் படம் எடுத்தால், ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் எந்த வரிசைகள் விழித்திருக்கின்றனவோ அவற்றுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும். படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, மற்ற இடமெல்லாம் இருட்டு. அந்தக் கண்றாவி வேண்டாம் என்றுதான் பெரும்பாலான கேமராக்கள் கதவையே மூடிவிடுகின்றன.

ஆனால் மூடித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. ஷட்டர் நேரத்தைப் போதிய அளவு நீட்டினால் எல்லா வரிசைகளும் சேர்ந்து விழித்திருக்கும் ஒரு கணம் கிடைக்கும், அப்போது அடித்தால் போதும். மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத சிக்மா எஃப்பி கேமரா அப்படித்தான் 1/30 வரை ஃபிளாஷை அனுமதிக்கிறது. இருட்டு ஸ்டுடியோவில் அது தாராளம். நிக்கானின் இஸட் 9-லும் மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது, ஆனால் அதன் சென்சார் அவ்வளவு வேகமாக வாசிக்கப்படுவதால் வழக்கமான ஷட்டர் வேகங்களில் ஃபிளாஷ் அடிக்கும்.

சரி, மறுக்கட்டும். மறுப்பதைச் சொல்ல வேண்டாமா? அன்று அந்தக் கேமராத் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, ஆகும் என்றும் சொல்லாமல் ஆகாது என்றும் சொல்லாமல், நாளைக்கு வாங்க என்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா மாதிரி இருந்தது. தன் கம்பெனி ஃபிளாஷாக இருந்திருந்தால் ஷூவின் மற்றப் புள்ளிகள் வழியாகப் பேசி, ஃபிளாஷ் குறியீட்டையாவது மாற்றிக் காட்டியிருக்கும். ஒற்றைப் புள்ளி ட்ரிக்கர் மாட்டினால் தலையில் ஒன்று உட்கார்ந்திருப்பதே பல கேமராக்களுக்குத் தெரியாது. அண்ணன் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: ‘தெரியாததை எப்படிப்பா சொல்லும்?’ நியாயமான கேள்வி. ‘சைலன்ட் ஷட்டர் ஓடுகிறது, ஃபிளாஷ் அடிக்காது’ என்ற ஒரு வரியை, ஃபிளாஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மோடுக்குள் போகும்போதே காட்டலாமே என்பது என் பதில். அவர் அதை ஏற்கவில்லை. கச்சேரியில் அந்த வரி தொந்தரவாம்.

கண் பார்த்தது, கேமரா பார்க்கவில்லை

அடிக்காத ஃபிளாஷ் பரவாயில்லை என்று நினைக்க வைப்பது அடித்தும் படத்தில் வராத ஃபிளாஷ். மண்டபத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். கேமரா தலையில் சின்ன ஃபிளாஷ், மேடை ஓரத்தில் குடையோடு ஸ்டுடியோ லைட், இன்னொரு ஃபிளாஷின் பளிச்சைக் கண்டதும் லைட்டை அடிக்க வைக்கும் ஸ்லேவ் கண் வழியாக அதை அடிக்க வைக்கிறார்கள். லைட் அடிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், மாப்பிள்ளைகூடக் கண்ணைச் சிமிட்டுகிறார். படத்தில் மட்டும் அந்த வெளிச்சம் இல்லை. தலையில் இருக்கும் ஃபிளாஷ், வெளிச்சத்தின் அளவைக் கேமராவே கணக்கிடும் டிடிஎல் மோடில் இருந்தால், ஷட்டர் திறப்பதற்கு முன்பே அளவு பார்க்க ஒரு சின்ன மினுக்கலை அனுப்பும். ஸ்லேவ் கண் அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு அடித்துவிடுகிறது. ஷட்டர் திறக்கும்போது லைட் மறுபடி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே பளிச். தலையில் இருப்பதை மேனுவலில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. கல்யாண வீட்டில் மாமா கொண்டுவந்த கேமராவின் ஃபிளாஷுக்கும் அந்த ஸ்லேவ் அடிக்கும், அது தனிக் கூத்து. மொபைல் வெளிச்சத்துக்கு அது பெரும்பாலும் அசையாது, எல்இடிக்கு அந்தத் திடீர் வேகம் இல்லை.

பாதி அடிக்கும் ஃபிளாஷும் உண்டு. கேமராவின் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம், 1/200 என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் ஷட்டரை மூடும் இரண்டாவது திரை நகரத் தொடங்கிய பிறகுதான் ஃபிளாஷ் அடிக்கும், படத்தின் கீழ்ப்பக்கம் கறுப்புப் பட்டை விழும். விலை மலிந்த ரேடியோ ட்ரிக்கர் தானும் ஒரு துளி நேரத்தை எடுத்துக்கொள்வதால், 1/200-லேயே பட்டை எட்டிப்பார்க்கலாம். இதில் ஏமாறுவது பாஸ்போர்ட் படத்தில்தான். கேமராவை நிமிர்த்திப் பிடித்திருப்பதால் பட்டை கீழே விழாமல் பக்கவாட்டில் விழுகிறது. முகத்தின் ஒரு பக்கம் தோள் வரைக்கும் இருட்டு. பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்து லைட் அடிக்கவில்லை என்றே சத்தியம் செய்வார்கள், லைட்டைப் பிரித்தும் போட்டுவிடுவார்கள். கேமராவைப் படுக்கையாகத் திருப்பி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், நிழலும் கூடவே திரும்பி வந்தால் குற்றவாளி ஷட்டர். 1/125-க்கு இறக்கிவிட்டால் நிம்மதி. இருட்டு ஸ்டுடியோவில் அசைவை உறைய வைப்பது ஃபிளாஷின் சுருக்கமான வெளிச்சம்தான் என்பதால் 1/125-க்கும் 1/200-க்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது.

மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் முதல் நாள் சொல்லும் புகார் வேறு: ‘திரையே இருட்டா இருக்கு.’ லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/125, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், ஸ்டுடியோ லைட்டில் அணையாமல் எரியும் சின்ன மாடலிங் லைட் வெளிச்சத்தில் எந்தக் கேமராவுக்கும் அது இருட்டுதான். வரப்போகும் ஃபிளாஷ் அதற்குத் தெரியாது, இருக்கிற வெளிச்சத்தில் படம் எப்படி வரும் என்று உண்மையைக் காட்டுகிறது. அந்த முன்னோட்டத்தை நிறுத்தும் வசதி எல்லாக் கம்பெனியிலும் வெவ்வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது. சோனியில் ‘லைவ் வியூ டிஸ்ப்ளே’ என்ற இடத்தில் செட்டிங் எஃபெக்டை ஆஃப் செய்ய வேண்டும், கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை.

நடுப்புள்ளி இல்லாத ஷூ

மெனுவில் எங்கே தேடினாலும் தீராத சங்கதி ஒன்று உண்டு. 2018-இல் வந்த கேனான் 1500டி, 3000டி, அடுத்த ஆண்டு வந்த 200டி மார்க் டூ ஆகியவற்றின் ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். நடுப்புள்ளியே கிடையாது. ஐஎஸ்ஓ தரத்தின் உயிரே அந்தப் புள்ளிதான். அந்தக் கம்பெனியின் மொழியைப் பேசும் ஃபிளாஷும், அந்த மொழியைக் கற்றுக்கொண்ட ட்ரிக்கரும்தான் இவற்றில் அடிக்கும். மலிவான ஒற்றைப் புள்ளி ட்ரிக்கர் அடிக்காது, ரப்பரால் எவ்வளவு தேய்த்தாலும் அடிக்காது. நம் ஊரில் புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த விலைக் கேமராக்களைத்தான், கூடவே வாங்குவது அந்த மலிவு ட்ரிக்கரைத்தான். ஒரு துளி உலோகத்தை மிச்சம் பிடித்ததில் யாருக்கு என்ன லாபம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சைலன்ட் ஷட்டரில் அடிக்காததற்காவது ஒரு இயற்பியல் காரணம் சொல்லலாம், இதற்கு அதுவும் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், தங்கள் மாடலுக்கு ஆகும் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும் டிடிஎல் ட்ரிக்கரைப் பார்த்து வாங்கலாம். அல்லது முதல் மினுக்கலை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும் வசதி லைட்டில் இருந்தால், கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃபிளாஷை வைத்து ஓட்டலாம்.

பழைய லைட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அண்ணனிடம் ஃபிலிம் காலத்து லைட் ஒன்று மூலையில் இருக்கிறது. அதன் சிங்க் கார்டு முனையைத் தொட்டு ஒருமுறை சுரீர் என்று வாங்கியிருக்கிறார். அந்தக் கால ஃபிளாஷ்கள் சிலவற்றில் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய ஃபிலிம் கேமராவின் உலோகத் தகடு சுவிட்சை அது ஒன்றும் செய்யாது. இன்றைய கேமராவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் குறைகடத்தி. ஐஎஸ்ஓ 10330 தரம் அதனிடம் எதிர்பார்ப்பதே 24 வோல்ட்தான், கேனானின் பழைய டிஜிட்டல் மாடல்கள் சிலவற்றுக்கு 6 வோல்ட் என்று வரம்பு சொல்லப்பட்டது. அதனால் அப்படிப்பட்ட லைட்டை ஒயரால் நேராகக் கேமராவில் மாட்டக் கூடாது. ரிசீவர் வழியாக மாட்டினால் அந்த வோல்ட்டேஜ் கேமரா வரைக்கும் வராது, போனால் ரிசீவரோடு போகும்.

இப்போது மகன் கேமரா டயலில் ஒரு நிலையைக் கச்சேரிக்கும் இன்னொன்றை ஸ்டுடியோவுக்கும் ஒதுக்கிவிட்டான். திருப்பினால் ஷட்டர், ஐஎஸ்ஓ, திரை முன்னோட்டம் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. அண்ணனுக்கு இதில் ஏக திருப்தி. ‘பார்த்தியா, நாம வெச்சபடிதான் ஓடுது.’ நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சுவாக்கில் மகன், 2023-இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் த்ரீயைப் பற்றி எடுத்தான். குளோபல் ஷட்டர், வரிசை வரிசையாக வாசிக்கிற கதையே இல்லை, எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில். சத்தமும் இல்லை, எந்த ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கும், கச்சேரிக்கும் ஸ்டுடியோவுக்கும் ஒரே நிலை போதும் என்றான். அண்ணன் மூலையில் இருந்த பழைய லைட்டைக் காட்டி, ‘அதுவும் அடிக்குமா?’ என்று என்னைக் கேட்டார். ரிசீவர் போட்டால் அடிக்கும், ஆனால் முழு பவரில் அதன் வெளிச்சம் ஓய்ந்து முடிவதற்கு நேரம் எடுக்கும், ஷட்டரை 1/2000-இல் வைத்தால் பாதி வெளிச்சம் உள்ளே வருவதற்குள் கேமரா மூடிவிடும், படம் மங்கும் என்றேன்.

‘அப்ப மறுபடியும் லைட்டைத்தான் குத்தம் சொல்வாங்க’ என்றார். அப்புறம் விலையைக் கேட்டார். உடம்பு மட்டுமே ஐந்து லட்சத்துக்கு மேல் என்று மகன் சொன்னதும், பாஸ்போர்ட் படத்துக்கு வந்து நின்றவரைப் பார்த்து, ‘உள்ள வாங்க சார், காலரைச் சரி பண்ணிக்குங்க’ என்று எழுந்து போய்விட்டார்.